அடங்கலில் தரிசு, வயலில் நெல்: மெமரி கார்டில் அழித்த படம் எங்கே இருக்கிறது?

மூலைக்கரைப்பட்டி டீக்கடையில் வடைக்குக் காத்திருந்தபோதுதான் அக்கா மகன் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான்.

"மாமா, ஃபார்மட் குடுத்துட்டேன்."

"என்னல சொல்லுத?"

"பழைய படத்த மட்டும் எடுக்கலாம்னு அமுக்கினேன். எல்லாம் போயிட்டு. தெரியாம அதுக்கப்புறம் டீ ஆத்துறத வேற எட்டு படம் எடுத்திட்டேன்."

விடியுமுன்னே எழுந்து கூந்தன்குளம் போய் எடுத்த படங்கள். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட குளம் அது. ஊருக்குள்ளே வீட்டுக் கொல்லை மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும். யாரும் விரட்ட மாட்டார்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் அன்றைக்கு நல்ல கூட்டமாக இறங்கியிருந்தன. எல்லாம் சேர்த்து 400 படத்துக்கு மேல். நான் அவனைத் திட்டவில்லை. கேமராவை வாங்கி, அணைத்து, கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் வடையைச் சாப்பிட்டோம்.

ஏன் பதறவில்லை என்றால், கார்டில் 'அழிப்பது' என்பது அழிப்பதே அல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்றொரு பதிவேடு இருக்கும். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்பது அதில் இருக்கும். கார்டிலும் அப்படி ஒரு பதிவேடு உண்டு: இந்தப் பெயருள்ள படம் இந்த இடத்தில் தொடங்குகிறது, இன்னின்ன இடங்களில் தொடர்கிறது. 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரையிலான கார்டுகளில் இந்தப் பதிவேட்டு முறைக்கு ஃபேட்32 என்று பெயர். அதற்கு மேற்பட்டவற்றில் எக்ஸ்ஃபேட். நீங்கள் ஒரு படத்தை அழித்தால் கேமரா செய்வது, அடங்கலில் அந்த எண்ணுக்கு நேரே 'தரிசு' என்று எழுதுவதுதான். ஃபேட்32-இல் படத்தின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு ஓர் அடையாளக் குறி போடுகிறது. அந்தப் படம் எந்தெந்த இடங்களில் தொடர்ந்தது என்ற குறிப்பையும் துடைத்துவிடுகிறது. சாதாரண ஃபார்மட் என்பது பழைய அடங்கலைத் தூக்கிப் போட்டுவிட்டு வெற்று அடங்கல் ஒன்றை வைப்பது. இரண்டிலுமே வயலில் நெல் அப்படியேதான் நிற்கிறது.

அடுத்து யாராவது வந்து உழுதால்தான் கதை முடியும். 'தரிசு' என்று பதிவான நிலத்தில் கேமரா புதுப் படத்தைப் போடும். ஃபார்மட் செய்த கார்டில் பொதுவாக முதல் வயலிலிருந்தே உழவு தொடங்கும். அதனால்தான் அந்த எட்டு டீக்கடைப் படங்கள் என் வயிற்றைக் கலக்கின.

வீட்டுக்கு வந்ததும் கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டை 'லாக்' பக்கம் தள்ளினேன். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூட்டு கார்டுக்குள்ளே எதையும் தடுப்பதில்லை. வெறும் பிளாஸ்டிக் துண்டு. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கார்டு ரீடர்தான் பார்த்து, மரியாதைக்கு எழுதாமல் இருக்கிறது. இருந்தாலும் போட்டுவைப்பது நல்லது.

பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். இது அடங்கலைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. நேரே வயலில் இறங்கி, எல்லைக்கல் தேடுகிறது. ஒவ்வொரு ஜேபெக் படமும் 255, 216, 255 என்ற மூன்று எண்களில்தான் தொடங்கும். 255, 217 என்று முடியும். கார்டு முழுக்க நடந்து, அந்தத் தொடக்கக் கல்லைக் கண்ட இடத்திலிருந்து படத்தை அள்ளிக் கணினியில் வேறொரு டிஸ்கில் போடுகிறது. (அதே கார்டிலேயே போட்டால், மீட்கிற படமே மீட்கவேண்டிய படத்தை உழுதுவிடும். இந்தத் தப்பைப் பலர் செய்கிறார்கள்.) பெயர்கள் அடங்கலில் இருந்தவை என்பதால் பழைய பெயர் வராது, எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாகத்தான் கோப்புகள் வரும். எடுத்த தேதியும் நேரமும் மட்டும் படத்தின் உள்ளேயே பதிந்திருப்பதால் பிழைத்துக்கொள்ளும்.

400 சொச்சத்தில் காலையில் முதலில் எடுத்த ஒன்பது படங்கள் தவிர எல்லாம் வந்தன. டீக்கடைப் படம் எட்டுதானே, போனது எப்படி ஒன்பது? எட்டாவது டீக்கடைப் படம் முடிந்த இடம் ஒன்பதாவது வாத்துப் படத்தின் நடுவயிறு. அதன் பின்பாதி கார்டில் இன்னமும் இருந்திருக்கும். ஆனால் தொடக்கக் கல் போய்விட்டதே. படத்தை எப்படி விரிப்பது என்ற குறிப்பெல்லாம் தலைப்பகுதியில்தான் இருக்கும். தலை போனால் மீதி வெறும் எண் குவியல். மாறாக வால் மட்டும் போயிருந்தால், மேல்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் ஒரு படம் கிடைக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கேமராவிலேயே பார்த்துப் பார்த்து, பிடிக்காத படங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக அழிக்கும் பழக்கம் பலருக்கு. அப்படிச் செய்தால் நிலம் துண்டு துண்டாகத் தரிசாகும். அடுத்து வரும் பெரிய படம் அந்தத் துண்டுகளில் சிதறி உட்காரும். ஒரே ஆளுக்கு ஏழு இடத்தில் ஏழு சென்ட் இருக்கிற மாதிரி. அடங்கல் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அடங்கல் போய்விட்டால், எந்தத் துண்டு எந்தப் படத்துடையது என்று எல்லைக்கல்லை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆகவே என் வழக்கம்: கேமராவில் ஒன்றைக்கூட அழிப்பதில்லை. வீட்டுக்கு வந்து, இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, திறந்து பார்த்து, பிறகு கேமராவிலேயே மொத்தமாக ஃபார்மட்.

சரி, வயல் வயல் என்கிறேனே, அதில் உண்மையில் விளைவது என்ன? எலக்ட்ரான்கள். கார்டுக்குள் இருக்கும் நாண்ட் ஃபிளாஷ் என்ற வகைச் சில்லை 1980-களில் தோஷிபாவில் வேலைபார்த்த ஃபுஜியோ மசுவோகா உருவாக்கினார். அதில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வோர் அறையைச் சுற்றியும் மின்சாரம் கடத்தாத மெல்லிய சுவர். அதிக மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் அந்தச் சுவரை ஊடுருவி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் வெளியே வர வழியில்லை. அதனால்தான் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாலும் படம் இருக்கிறது. இப்போதைய கார்டுகள் பலவற்றில் ஓர் அறைக்குள் எட்டு வெவ்வேறு அளவுகளில் எலக்ட்ரானை நிரப்பி, அதை வைத்து மூன்று பிட்டுகளைக் குறிக்கிறார்கள். விலை குறைந்தது இதனால்தான். கொஞ்சம் கசிந்தாலும் ஓர் அளவு இன்னோர் அளவாகத் தோன்றிவிடும் என்ற ஆபத்தும் இதனால்தான். வெயில் அந்தக் கசிவைக் கூட்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கார்டைப் போட்டுவைக்காதீர்கள். வருஷக்கணக்கில் படத்தைக் கார்டிலேயே விட்டும் வைக்காதீர்கள்.

எலக்ட்ரானை நிரப்பி எழுதுவதற்கும், அதை வடித்து நிஜமாகவே அழிப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாத்தி பாத்தியாக நிரப்பலாம். வடிப்பது மட்டும் வயல் முழுக்க ஒரே மடை. ஒரு பாத்தியை மாற்ற வேண்டுமென்றாலும் மொத்த வயலையும் வடித்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய சுவர் கொஞ்சம் தேயும். அதனால் கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, ஒரே வயலையே திரும்பத் திரும்ப உழாமல் இடம் மாற்றி மாற்றி எழுதுகிறது. நமக்குத் தெரியாமல் நடக்கும் வேலை இது.

அந்தச் சில்லு பொய்யும் சொல்லும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் 512 ஜிபி கார்டு வாங்கினேன். உள்ளே இருந்தது அதில் சிறு பகுதிதான்; '512' என்று சொல்லும்படி சில்லை மாற்றி வைத்திருந்தார்கள். நிறைந்த பிறகும் கேமரா சமர்த்தாக எழுதிக்கொண்டே இருக்கும். திறந்து பார்த்தால் படம் இருக்காது. இல்லாத நிலத்துக்குப் பட்டா. புதுக் கார்டு வாங்கினால் முதலில் கணினியில் போட்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி ஒரு சோதனை மென்பொருளால் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்துவிடுங்கள். 64 ஜிபி கார்டு கணினியில் 59 சொச்சம் காட்டினால் அது மோசடி இல்லை. எண்ணும் முறைதான் வேறு.

கார்டின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 170, 200 (வினாடிக்கு இத்தனை எம்பி) என்ற வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம். கூழைக்கடா இறங்கும்போது தொடர்ந்து அடிக்க வேண்டுமானால் எழுதும் வேகம்தான் முக்கியம். கார்டில் வி30 என்று குறி இருந்தால், தொடர்ந்து எழுதும்போது வினாடிக்கு 30 எம்பிக்குக் குறையாது என்று பொருள். 25 எம்பி ரா படத்தை (கேமரா பக்குவப்படுத்தாத மூலப் படம்) வினாடிக்குப் பத்து வீதம் எடுத்தால் 250 எம்பி வரும். கேமராவின் இடைநினைவகம் (கார்டுக்குப் போகுமுன் படங்கள் காத்திருக்கும் இடம்) சில வினாடி தாங்கிவிட்டு மூச்சு முட்டி நிற்கும். அப்போது சிவப்பு விளக்கு எரியும். அது அணையுமுன் கார்டை உருவினால் அடங்கலே பாதியில் நின்றுவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும்: இந்த மீட்பு வித்தை செல்போனில் பலிக்காது. போன்களில் கோப்புகள் பூட்டுச்சாவி போட்டே எழுதப்படுகின்றன. அழித்தால் சாவியும் போய்விடும். குப்பைத்தொட்டியில் சில நாள் இருக்கும் வரைதான் வாய்ப்பு. கணினியின் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத, ஃபிளாஷ் சில்லாலான டிஸ்க்) அப்படித்தான்: அழித்த இடத்தை அதுவே ஓய்வு நேரத்தில் வடித்துவிடும். சில கேமராக்களில் உள்ள 'லோ லெவல்' ஃபார்மட்டும் பயிரையே அறுத்துவிடும்.

பிரதி எடுப்பதில் நான் ஒரு பாடம் நனைந்து படித்தேன். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. என் இரண்டு ஹார்ட் டிஸ்கும் ஒரே மேசையின் ஒரே கீழ் இழுப்பறையில் இருந்தன. இரண்டு பிரதி இருந்தும் ஒரு பிரதிதான் இருந்திருக்கிறது என்பது தண்ணீர் வடிந்த பிறகு தெரிந்தது. இப்போது மூன்றாவது டிஸ்க் ஒன்று தென்காசியில் அக்கா வீட்டு பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது. தீபாவளிக்கும் ஆனித் தேரோட்டத்துக்கும் கை மாறும். மாற்றும்போது கணினியில் சொருகி, அங்கங்கே பத்துப் படங்களைத் திறந்து பார்ப்பது மருமகனின் வேலை.