பழைய கமாரோவும் இன்றைய பெட்ரோலும்

1969ஆம் ஆண்டின் செவர்லே கமாரோ ஒன்றை, அது ஆலையை விட்டு வந்த நாளில் இருந்தபடியே திரும்ப உருவாக்கிவிடலாம். அசல் நிறத்தில் பெயின்ட், அதே தையலில் இருக்கை உறை, குரோம் பூசிய புது பம்பர், ஏன், முழு உடற்கூடே அமெரிக்காவில் விலைக்குக் கிடைக்கிறது. கிடைக்காதது அன்றைய பெட்ரோல்தான். எந்த எரிபொருளை நம்பி அந்த எஞ்சினை வடிவமைத்தார்களோ, அந்த ஈயம் கலந்த பெட்ரோல் பங்க்குகளிலிருந்து போய்விட்டது. எஞ்சின் ஆயிலின் சேர்மானம் மாறிவிட்டது, டயரின் உள்ளமைப்பும் மாறிவிட்டது. ஆகவே ஒரு பழைய மசில் காரை, அதாவது பெரிய, வலிமையான எஞ்சின் பொருத்திய அமெரிக்கக் காரை, பழையபடி ஓட்டுவதற்கே அதற்குள் சிலவற்றைப் புதிதாக மாற்ற வேண்டியிருக்கிறது. அசலை அப்படியே காப்பவர்கள், நவீனமாக மேம்படுத்துபவர்கள் என்று இந்த ஆர்வலர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. கொஞ்சம் வேதியியலும் கொஞ்சம் இயற்பியலும் பார்த்தால், அந்தப் பிரிவினை பல இடங்களில் நிற்பதில்லை.

மசில் கார் என்ற வகை பிறந்த கதை சுருக்கமானது. 1964இல் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு, நடுத்தர அளவுக் காருக்குள் 389 கன அங்குல, அதாவது சுமார் 6.4 லிட்டர், வி8 எஞ்சினை வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றது. நடுத்தரக் கார்களில் அவ்வளவு பெரிய எஞ்சின் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் சொந்த விதி. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனின் குழு அதை ஒரு கூடுதல் தேர்வாக அறிவித்து அந்த விதியைத் தாண்டிச் சென்றது. கமாரோ அதைவிடச் சிறிய கார். ஃபோர்டு மஸ்டாங்குக்குப் போட்டியாக 1967ஆம் ஆண்டு மாடலாக வந்தது. அதன் இசட்/28 வடிவத்தில் இருந்த 302 கன அங்குல எஞ்சின் எனக்கு மிகவும் பிடித்தமானது. டிரான்ஸ்-ஆம் பந்தய விதி 305 கன அங்குலத்துக்கு மேல் அனுமதிக்கவில்லை. பொறியாளர்கள் 327 எஞ்சினின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அடங்கிய உடலை, எடுத்து, அதில் 283 எஞ்சினின் பிஸ்டன் நகர்வு நீளத்தைத் தரும் கிராங்க் ஷாஃப்டைப் பொருத்தினார்கள். சிலிண்டரின் விட்டம் 4 அங்குலம், நகர்வு 3 அங்குலம், எட்டு சிலிண்டர்கள். ஒரு சிலிண்டரின் வட்டப் பரப்பை நகர்வாலும் எட்டாலும் பெருக்கிப் பார்த்தால் 302 வந்துவிடும்.

அந்தக் காலத்துக் குதிரைத்திறன் எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. மின்னாக்கி, காற்று வடிகட்டி, முழு சைலன்சர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மட்டும் சோதனை மேடையில் ஓட்டி அளந்த மொத்தத் திறன் அது. 1972 மாடல்களிலிருந்து அமெரிக்க நிறுவனங்கள் காரில் இருக்கும் நிலையிலேயே அளந்த நிகரத் திறனைக் குறிப்பிடத் தொடங்கின. இடைப்பட்ட 1971இல் செவர்லே இரண்டையும் வெளியிட்டது: கமாரோவின் எல்டி-1 எஞ்சினுக்கு மொத்தம் 330, நிகரம் 275. ஒரே எஞ்சின், ஒரே ஆண்டு. இன்றைய சாதாரணக் காரின் எண்ணோடு 1969இன் எண்ணை ஒப்பிட்டு வியப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காரைப் பிரித்ததும் முதல் எதிரி துருதான். அதில் ஒரு வரலாற்றுப் பொருத்தமும் இருக்கிறது. கார் நகரமான டெட்ராய்ட்டின் அடியில், 300 மீட்டருக்கும் கீழே, ஒரு பெரிய உப்புச் சுரங்கம் உண்டு. குளிர்காலத்தில் பனியை உருக்க அந்த வட்டாரச் சாலைகளில் கொட்டப்படும் உப்பு அங்கிருந்தும் வருகிறது. துரு என்பது மின்வேதி வினை: இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது, இன்னோர் இடத்தில் ஆக்சிஜனும் நீரும் அவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. இந்த இரு இடங்களுக்கும் நடுவே அயனிகள் எளிதாக நகர உப்புநீர் பாதை போட்டுத் தருகிறது. தூய நீரைவிட உப்புநீர் காரை வேகமாகத் தின்பதன் காரணம் இதுதான். உருவாகும் துரு, தான் அழித்த இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்ட இடுக்குகளில் அது உப்பி, தகடுகளை விலக்கி, இன்னும் நீர் புக வழி செய்கிறது.

கமாரோவில் பின்சக்கர வளைவுகள், டிக்கியின் தரை, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுப் பெட்டி ஆகிய இடங்களில் இது அதிகம். வினைல் கூரை போட்ட கார் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்த உறைக்கு அடியில் ஈரம் தங்கி, வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் கூரையின் ஓரங்கள் சல்லடையாகியிருக்கும். பட்டி பூசி மறைத்த துரு சில ஆண்டுகளில் பெயின்ட்டைக் கொப்பளிக்கச் செய்துவிடும் என்பதால், நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத்தகட்டைப் பற்றவைப்பதே முறை. தகட்டின் தடிமன் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஒரே ஓட்டமாக வெல்டிங் வைத்தால், சூட்டில் விரிந்த உலோகம் ஆறும்போது சுருங்கி, முழுப் பலகத்தையும் இழுத்து நெளியவைக்கும். அதனால்தான் டிங்கரிங் தெரிந்தவர் ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எட்டத்தில் என்று மாற்றி மாற்றி வைக்கிறார். பிறகு சுருங்கிய இடத்தைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி மீண்டும் நீளச் செய்கிறார். இந்த வேலையில் அவசரப்பட்டவரின் கார் எத்தனை குதிரைத்திறன் வைத்திருந்தாலும் எனக்கு மதிப்பு வராது.

இனி பெட்ரோல். எஞ்சினுக்குள் தீப்பொறியில் தொடங்கும் சுடர் கலவையின் ஊடாகப் பரவிச் செல்லும்போது, இன்னும் எரியாத மூலையில் அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன. அளவு மீறினால் அந்த மூலை சுடருக்குக் காத்திராமல் தானாகவே வெடிக்கும். எஞ்சினில் கேட்கும் உலோகத் தட்டல் ஒலி அதுதான். நீடித்தால் பிஸ்டனே உடையும். 1921இல் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎதில் ஈயம் என்ற சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் இந்தத் தட்டல் அடங்குவதைக் கண்டார். அந்தத் துணிச்சலில்தான் பிற்காலத்தில் அழுத்த விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதை, 11க்கு 1 என்ற அளவு வரை உயர்த்தினார்கள். 302 எஞ்சினின் விகிதம் அதுவே. ஈயம் மனித உடலுக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு, கடும் நஞ்சு. அது போனதற்கு வருந்த எந்தக் கார் ஆர்வலருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். புகையின் நச்சைக் குறைக்க 1975இல் வந்த வினையூக்கி மாற்றிகளுக்கும் ஈயம் ஆகாது. 1996 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடை.

ஆனால் ஈயம் இன்னொரு வேலையையும் செய்துவந்தது. எரிந்தபின் அதன் சேர்மங்கள் புகைபோக்கி வால்வு அமரும் விளிம்பில் மெல்லிய படலமாகப் படிந்தன. அந்தப் படலம் இல்லாவிட்டால், சூடேறிய வால்வு வார்ப்பிரும்பு விளிம்பில் அமரும் ஒவ்வொரு முறையும் நுண்ணிய புள்ளிகளில் ஒட்டிக்கொண்டு, எழும்போது துகள்களைப் பிய்த்துவிடுகிறது. நெடுந்தூரம், அதிக வேகம் என்று ஓட்டினால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தலைக்குள், அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகத்துக்குள், புதைந்துபோகும். தீர்வு எளிது: பழைய விளிம்பைக் கடைந்தெடுத்துவிட்டுக் கடினமாக்கிய எஃகு வளையங்களை அழுத்திப் பொருத்துவது. பலர் தலையையே அலுமினியத்துக்கு மாற்றுகிறார்கள். அலுமினியம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் எரியறை குளிர்ந்து, தட்டல் ஒலி இல்லாமலே சற்று உயர்ந்த அழுத்த விகிதத்தைத் தாங்குகிறது.

இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால், தூய பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 மடங்கு காற்று வேண்டுமென்றால் இந்தக் கலவைக்கு 14.1 மடங்கு போதும். பழைய கார்புரேட்டருக்கு இது தெரியாது. குறுகிய கழுத்து வழியாகக் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, ஜெட் என்ற சிறுதுளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. துளையின் அளவு நிலையானது. எனவே கலவை மெலிந்துவிடும், துளையைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் எரிபொருள் குழாய்கள் அத்தனையையும் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். கசிவிலிருந்து தீ வர நேரமாகாது. செலவழிக்க முடிந்தவர் கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே அமரும் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனைப் பொருத்துகிறார். புகைக்குழாயில் இருக்கும் சென்சார் மீந்த ஆக்சிஜனை உணர்ந்து சொல்ல, கணினி ஒவ்வொரு கணமும் பெட்ரோலின் அளவைத் திருத்திக்கொள்கிறது. மலைப்பாதையில் காற்றின் அடர்த்தி குறைந்தாலும் அது ஈடுகொடுக்கும்.

எஞ்சின் ஆயில் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1969 எஞ்சினில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்டின் புடைப்பு, அந்த அசைவை வால்வுக்குக் கொண்டுசெல்லும், தட்டையான அடிப்பாகம் கொண்ட டாப்பெட் மீது உரசிக்கொண்டே சுழல்கிறது. மொத்த எஞ்சினிலும் மிகக் கடுமையான அழுத்தம் தாங்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆயிலில் கரைந்துள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம் அந்த அழுத்தத்தில் சிதைந்து உலோகத்தின் மேல் ஒரு காப்புப் படலமாகிறது. பாஸ்பரஸ் வினையூக்கி மாற்றியைப் பாழாக்குவதால், 2004இன் தரநிர்ணயம் பல வகை ஆயில்களில் அதன் உச்ச அளவை 0.08 சதவீதமாகக் குறைத்தது. உருளை பொருத்திய இன்றைய டாப்பெட்டுகளுக்கு அது போதும், பழையவற்றுக்குப் போதாது. புதிதாகக் கட்டிய எஞ்சினை முதன்முறை கிளப்பியதும் ஐடிலில் விடாமல், சுமார் 20 நிமிடங்கள், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேலேயே வைத்திருக்கச் சொல்வதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. கேம் ஷாஃப்டின் புடைப்புகளுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட் சுழன்று தெறிப்பதால் வருகிறது. மெதுவாகச் சுழன்றால் தெறிப்பும் குறைவு. அந்த முதல் நிமிடங்களில் புடைப்புகள் தேய்ந்து, எஞ்சினைத் திரும்பப் பிரிக்க நேர்ந்தவர்கள் ஏராளம்.

தீப்பொறி ஏற்பாட்டில் மாற்றம் சிறியது, பயன் பெரியது. வி8 எஞ்சினுக்கு ஒரு சுற்றில் நான்கு பொறி வேண்டும். 4,000 சுற்றில் நிமிடத்துக்கு 16,000. அத்தனை முறையும் ஒரு சிறிய உலோகத் தொடுமுனை திறந்து மூட வேண்டியிருந்தது. அது தேயத் தேயப் பொறியின் நேரம் நழுவியது. அதற்குப் பதிலாக வைக்கும் காந்த உணரி, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மறைவாக அமர்ந்துவிடுகிறது, தேய அதில் எதுவும் இல்லை.

குதிரைத்திறனுக்கு முன்னால் பிரேக்குக்குச் செலவிடுங்கள் என்பதே நான் யாரிடமும் வாதிடத் தயாராக உள்ள கருத்து. 1969 கமாரோவில் அடிப்படையாக வந்தவை நான்கு சக்கரங்களிலும் 9.5 அங்குல டிரம் பிரேக்குகள். ஆளோடு 1,600 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமக்கும் இயக்க ஆற்றல் ஆறு லட்சம் ஜூலுக்கும் மேல். 160 கிலோமீட்டரில் அது இரண்டரை மடங்குக்கும் சற்று அதிகம். நிறுத்தும்போது இவ்வளவும் வெப்பமாகப் பிரேக்கில் இறங்குகிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டம் கட்டும் கொல்லர், இரும்பு வளையத்தைக் காய்ச்சி விரியவைத்து ஏற்றுவார் அல்லவா, டிரம்மும் சூட்டில் அப்படித்தான் விரிகிறது. உள்ளிருந்து வெளிநோக்கி அழுத்தும் ஷூவை விட்டு அது விலகிச் செல்ல, பெடல் தாழ்ந்துகொண்டே போகும். உராய்வுப் பொருளும் சூட்டில் பிடியை இழக்கும். டிஸ்க் விரிந்தால் பேடை நோக்கியே தடிக்கிறது. காற்றில் திறந்து நிற்பதால் விரைவில் ஆறுகிறது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் மாற்றுவதே பெரும் பயன் தரும், ஏனெனில் பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னே சாய்கிறது. மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டரையும் பின்சக்கர அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையென்றால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும்.

டயரும் சஸ்பென்ஷனும் இதோடு பிணைந்தவை. அன்றைய டயரில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின; அதற்கேற்பவே சக்கரக் கோணங்களை வகுத்தார்கள். வளைவில் உடல் சாயும்போது முதல் தலைமுறைக் கமாரோவின் முன்சக்கரம் தானும் வெளிப்புறம் சாய்ந்து, டயரின் ஓரத்தில் மட்டும் நிற்கும். இன்றைய ரேடியல் டயரின் அகலமான பிடி இதில் வீணாகிறது. பந்தய ஓட்டுநர் டிக் கல்ட்ஸ்ட்ராண்டின் பெயரால் அறியப்படும் ஒரு திருத்தம், முன்சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மேல் கையின் உள்முனை பொருந்தும் துளைகளைத் தாழ்த்தித் துளைக்கிறது. சில துளைகள்தாம், ஆனால் சக்கரம் வளைவில் நிமிர்ந்து நிற்கத் தொடங்குகிறது. கமாரோவின் முன்பகுதி தனிச் சட்டமாக உடற்கூட்டில் போல்ட் செய்யப்பட்டது என்பதால், அதைப் பின்புறத்தோடு இணைக்கும் எஃகுத் தண்டுகளையும் சேர்ப்பது நல்லது. எஞ்சின் முறுக்கும்போது உடல் முறுகுவது குறையும்.

நெடுஞ்சாலையில் ஓட்ட விரும்புபவருக்கு மிகப்பெரிய ஆறுதல் கியர் பாக்ஸில் இருக்கிறது. அசல் நான்கு கியரில் கடைசி கியர் நேர் விகிதம், அதாவது 1க்கு 1. பின் ஆக்சில் விகிதம் 3.73, டயர் விட்டம் 26 அங்குலம் என்று கொண்டால், 110 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 3,300 சுற்றுகள் கத்திக்கொண்டிருக்கும். ஐந்தாவது கியராக 0.68 விகிதத்தைச் சேர்த்தால் அது சுமார் 2,250 ஆகிறது. முடுக்கம் அப்படியே இருக்கிறது. பெட்ரோலும் காதும் தப்பிக்கின்றன.

எஞ்சினையே மாற்றி, 1997 கார்வெட்டில் அறிமுகமான எல்எஸ் குடும்பத்து அலுமினிய எஞ்சினை வைப்பவர்களும் பலர். முன்சக்கரத்தின் மேல் எடை குறைகிறது, ஈயமில்லாப் பெட்ரோலுக்கென்றே பிறந்தது என்பதால் மேலே சொன்ன பாதித் தொல்லைகள் இல்லை. சாதாரண ஆறு சிலிண்டர் கமாரோவுக்கு இதைச் செய்வதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஆனால் செய்வதற்கு முன் எஞ்சின் பிளாக்கின் முன்பக்கத்தில் பொறித்துள்ள எண்ணைத் துடைத்துப் பார்க்க வேண்டும். காரின் அடையாள எண்ணோடு அது பொருந்தினால் அந்த எஞ்சின் அந்தக் காரோடு பிறந்தது. 1969இல் 427 கன அங்குல அலுமினிய எஞ்சினோடு 69 இசட்எல்1 கமாரோக்கள் மட்டுமே செய்யப்பட்டன. அத்தகைய காரில் ஒரு துளையும் புதிதாகப் போடக் கூடாது. மற்றவற்றில் பிறவி எஞ்சினைக் கழற்றினாலும், சிலிண்டர்களில் ஆயில் பூசி, திறந்த துளைகளை அடைத்து, ஈரம் படாத இடத்தில் காரின் ஆவணங்களோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்; காரை விற்கும்போது அதையும் கூடவே கொடுத்துவிட வேண்டும்.