குழியை மறைக்கும் வெளிச்சம்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையை விட்டு இறங்கினால், கிளுவை வேலிகளுக்கு நடுவே கிராமத்துச் சாலைகள் பிரியும். தெருவிளக்கு ஊர் எல்லையோடு முடிந்துவிடும். அப்படியொரு சாலையில் விடிகாலை நான்கரை மணிக்கு, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனேன். எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று வெளிச்சம். இருந்தும் முன்சக்கரம் ஒரு குழிக்குள் தொப்பென்று இறங்கியது. ரிம் அடிபட்ட சத்தத்தில் வேலிக்கு அந்தப்பக்கம் நாய் குரைக்க ஆரம்பித்தது.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஒரு முறம் அகலம், மூன்று விரல் ஆழம். இத்தனை வெளிச்சத்தில் இது எப்படித் தெரியாமல் போயிற்று? டார்ச்சைக் கழற்றி, அதன் எலாஸ்டிக் பட்டையை ஹேண்டில்பாரில் சுற்றி மாட்டிவிட்டு, முப்பதடி பின்னால் நின்று பார்த்தேன். அதே டார்ச், அதே குழி. இப்போது சாலையின் குறுக்கே கரியால் கோடு இழுத்தாற்போல் தெரிந்தது.

தார்ச்சாலையில் குழியும் தார் நிறம்தான். நிறம் உதவாத இடத்தில் கண்ணுக்கு மேடுபள்ளத்தைச் சொல்வது நிழல். விளக்கால் எட்ட முடியாத ஓர் இடம் கண்ணுக்கு எட்டினால்தான் அங்கே நிழல் தெரியும். விளக்கும் கண்ணும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்தால், விளக்குக்கு மறைவது கண்ணுக்கும் மறைந்துவிடும். நிழல் இருக்கும், ஆனால் நமக்குத் தெரியாது.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஐந்தரை மீட்டர். குழியைக் கண்டு, பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி என்றால் அதற்குள்ளேயே 8 மீட்டர் ஓடிவிடும். ஆகவே 10 மீட்டருக்கு முன்பே அது தெரிந்தாக வேண்டும். சைக்கிளில் உட்கார்ந்தால் என் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். நெற்றி டார்ச் 1.7 மீட்டரில். குழியின் ஆழம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும்போது, நம் பக்கத்து விளிம்பு குழியின் அடித்தரையில் 31 செ.மீ. நீளத்தைக் கண்ணுக்கு மறைக்கிறது. அதே விளிம்பால் நெற்றி டார்ச்சுக்கு விழும் நிழல் 29 செ.மீ. மொத்த நிழலும் நாம் காண முடியாத பகுதிக்குள் அடங்கிவிட்டது. 1 மீட்டர் உயரமுள்ள ஹேண்டில்பாரில் மாட்டினால் நிழல் 50 செ.மீ. ஆகும், 31 போக மீதி 19 செ.மீ. கறுப்பு கண்ணில் படும். இன்னும் இறக்கி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில் (ஃபோர்க்) 70 செ.மீ. உயரத்தில் மாட்டினால், 60 செ.மீ. நீளக் குழியின் அடித்தரை முழுவதுமே இருண்டுவிடும். பள்ளி முக்கோணக் கணக்குதான். கூடுதல் லூமன் (ஒளியின் அளவு) உள்ள டார்ச் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். அதனால் எல்லாம் இன்னும் வெளுக்கும், நிழல் வராது.

நிலாவிலும் இதே கதைதான். பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுப்பக்கம் இருப்பதால், நிலாவின் பள்ளங்களின் நிழல்கள் நமக்கு மறைந்துபோகின்றன. தொலைநோக்கியில் பார்த்தால் தட்டையாகத் தெரியும். அரைநிலா நாளில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே ஒவ்வொரு பள்ளமும் குடைந்தெடுத்ததுபோல் நிற்கும். அரைநிலாவின் பிரகாசம் முழுநிலாவின் பாதியாக இல்லாமல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதற்கும் இந்த நிழல்கள் ஒரு முக்கியக் காரணம்.

இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகும் பெரியவர்கள் டார்ச்சை முழங்கால் அருகே தாழ்த்திப் பிடித்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வரப்பில் கிடக்கும் பாம்புக்கும் கயிற்றுக்கும் அப்போதுதான் நீள நிழல் விழும். முக்கோணம் வரையாமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கோபிப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்து வயல்களை ஒட்டி மார்கழியில் போனால் நெற்றி டார்ச் இன்னொரு விதத்தில் காலை வாரும். மூடுபனி என்பது மிதக்கும் நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடித்து, ஒரு பங்கை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. நெற்றியிலிருந்து புறப்படும் ஒளிக்கற்றை நம் பார்வைக் கோட்டின் மேலேயே நெடுகப் போவதால், முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஆகிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று எழுப்பும் புழுதியிலும் இதேதான். கார்களின் பனிவிளக்கைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைப்பதும் இதனால்தான். பூச்சிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழை விட்ட இரவில் ஈசல் கூட்டம் வெளிச்சத்தைத் தேடி வரும். வெளிச்சம் நெற்றியில் இருந்தால் வாயை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான்.

அதற்காக நெற்றி டார்ச்சை வீசி எறிந்துவிட வேண்டாம். கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதே அதன் பலமும். மாடு, ஆடு, நாய் ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. மங்கலான ஒளியை இரண்டாம் முறை விழித்திரை வழியாக அனுப்பி, இருட்டில் பார்வையைக் கூட்டுவது அதன் வேலை. அதில் மிஞ்சும் ஒளி வந்த திசைக்கே திரும்பிவிடுவதால், விளக்கருகே கண் வைத்திருப்பவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும். இட்டேரியில், அதாவது இரு வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில், நெற்றி டார்ச்சோடு நடந்து பாருங்கள்: புல்லுக்குள் பனித்துளி மின்னுவதுபோல் இருக்கும், கிட்டே போனால் சிலந்தி. தரையில் ஓடி இரை பிடிக்கும் சிலந்திகளுக்கும் அந்தப் படலம் இருக்கிறது.

சாலைப் பலகைகளிலும் வண்டிகளின் பின்புறத்திலும் ஒட்டும் பிரதிபலிப்பு ஸ்டிக்கரும் அதே குணம் உள்ளது. அதற்குள்ளிருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ ஒளியை வந்த வழியே மடக்கி அனுப்புகின்றன. 50 மீட்டர் தூரத்துப் பலகையிலிருந்து பார்த்தால் ஹேண்டில்பார் விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 0.7 டிகிரி, நெற்றி டார்ச்சுக்கு 0.1 டிகிரிதான். விளக்கில்லாமல் முன்னால் போகும் கரும்பு வண்டியின் ஸ்டிக்கர், நெற்றி டார்ச்சைத் தட்டியதும் தணல் போல எரிவது இதனால்தான்.

திருப்பத்திலும் அது உதவும். ஹேண்டில்பார் விளக்கு வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலை வளைவுக்குள் திரும்பிவிடுகிறது. ஆனால் எதிரே யாராவது வந்தால் தலை அவர் முகத்துக்கும் திரும்பிவிடும். அவருக்குக் கண் கூசும். எதிர் லாரியின் வெளிச்சம் நம் கண்ணில் பட்டாலும் அதே கதிதான். விழித்திரையின் குச்சிச் செல்களில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதையும். முழுதாக மீள அரை மணி நேரம் வரை ஆகும். இரண்டு கண்களும் தனித்தனியே இருட்டுக்குப் பழகுகிறவை. அதனால் லாரி வரும்போது வேகத்தைக் குறைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறேன். கடந்ததும் திறந்தால் அந்தக் கண்ணுக்கு இருட்டு அப்படியே தெரிகிறது.

இப்போது என்னிடம் இரண்டு விளக்குகள். ஹேண்டில்பாரில் ஒன்று எப்போதும் எரியும். அதன் கற்றையின் நடுப்பகுதி 10 மீட்டர் தள்ளி முன்னால் தரையில் விழும்படி சாய்த்திருக்கிறேன். நெற்றியில் இருப்பது பெரும்பாலும் அணைந்தே இருக்கும். திருப்பம், பெயர்ப்பலகை, பஞ்சர் இவற்றுக்கு மட்டும் அதைத் தட்டுவேன். சாய்வு சரிதானா என்று பால் கறக்க வரும் பக்கத்துத் தோட்டத்து அண்ணனை எதிரே நிற்கவைத்துத்தான் பார்த்துக்கொண்டேன். கண் கூசுகிறது என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் பால் கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.