‘கல்’ என்றால் நேற்றா, நாளையா?

மறுபடியும் அதே கூத்து. திருப்பூரில் எங்கள் கிளினிக்குக்கு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார்த் தம்பி ஒருவர் வந்தார். நாய்க்கடி. கெண்டைக்காலில் நாலு பல் பதிந்திருந்தது. முன்னால் சீட்டு எழுதுபவர் ஹிந்தியில் “இன்ஜெக்‌ஷன்? கல்?” என்று கேட்க, அவர் “ஹாங், கல்” என்று தலையாட்டியிருக்கிறார். சீட்டில் ‘நேற்றே ஊசி போட்டாச்சு’ என்று எழுதி உள்ளே அனுப்பிவிட்டார்கள். ஊசி அட்டை எங்கே என்று கேட்டபோதுதான் தெரிந்தது, ஒரு ஊசியும் போடவில்லை. சூப்பர்வைசர் நாளைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னாராம்!

“எனக்கு ஹிந்தி தெரியும் சார்” என்பவர்களுக்குத்தான் இது. ‘கல்’லுக்கு ஒரே பொருள் என்று யார் சொன்னது? நேற்றும் கல், நாளையும் கல். எது என்பதை வினைச்சொல்தான் சொல்லும். ‘கல் ஆயா தா’ என்றால் நேற்று வந்தேன். ‘கல் ஆவூங்கா’ என்றால் நாளை வருவேன். ‘கல் ஸே புகார் ஹை’ என்றால் நேற்றிலிருந்து காய்ச்சல். ‘கல் ஸே கோலீ கானா’ என்றால் நாளையிலிருந்து மாத்திரை சாப்பிடு. ‘பர்ஸோங்’கும் இப்படித்தான்: முந்தாநாளும் அதுவே, நாளை மறுநாளும் அதுவே. “என்ன பாஷை இது” என்று சிரிக்க வேண்டாம். அவர்கள் வினையோடு பேசுகிறார்கள், குழப்பமே வராது. வினையை முழுங்கிவிட்டு ஒற்றைச் சொல்லை வீசுவது நாம்தான்.

வருகிற எல்லோரும் ஹிந்திக்காரர்களும் இல்லை. ஒடியாவில் ‘காலி’, வங்காளத்தில் ‘கால்’. இரண்டுக்கும் இதே இரட்டை வேலை உண்டு.

‘ஆஜ்கல்’ என்றால் இப்போதெல்லாம். ‘ஆஜ்‌-கல் கர்னா’ என்றால் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிப்பது. ‘கல் கா சோக்ரா’ என்றால் நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான். சின்ன வயதில் வேலைக்குச் சேர்ந்த டாக்டர்களுக்கும் அந்தப் பட்டம் கிடைக்கும். உருது பேசும் வயதான அம்மா ‘கல் நஹீங் பட்தீ’ என்றால் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். தேதி கேட்காதீர்கள், வலி எங்கே என்று கேளுங்கள். மில்லில் ‘கல்‌-புர்ஸே’ என்பது மெஷின் பாகங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ‘கல்’லை வைத்துக் கேள்வியே கேட்காதீர்கள். மொபைல் காலண்டரைத் திறந்து நீட்டுங்கள், தேதியை அவரே தொட்டுக் காட்டட்டும். கிழமை தெரிந்தால் சோம்வார், மங்கள்வார் என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டில் தேதியை எண்ணில் எழுதுங்கள். கம்பெனி சூப்பர்வைசர்களே, தயவுசெய்து கடிபட்டவரை அன்றைக்கே அனுப்புங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அனுப்புங்கள். ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். தோலில் போடும் ஊசி என்றால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்களில் வரவேண்டும்; அந்த நான்கு தேதிகளையும் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையும் இல்லை, தேதியும் தெரியவில்லை என்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொண்டு உடனே அனுப்புங்கள்.