கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம்: செலவு யாருக்கு, ஆதாயம் யாருக்கு?

சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி என்ற நான்கு துறைகளைச் சேர்ந்த 282 ஆலைகளுக்கு மத்திய அரசு 2025 அக்டோபரில் உமிழ்வு இலக்கு விதித்தது. காஸ்டிக் சோடாவும் குளோரினும் தயாரிக்கும் ஆலைகளைத்தான் குளோர்-ஆல்கலி என்கிறார்கள். ஒரு டன் சரக்கு செய்ய எத்தனை டன் கரியமில வாயு வெளியேறலாம் என்பதே இலக்கு. அதற்குக் கீழே நிற்கும் ஆலைக்குக் கார்பன் கிரெடிட் என்ற சான்றிதழ் கிடைக்கும். தாண்டிய ஆலை சான்றிதழ் வாங்கி ஈடுகட்ட வேண்டும். இந்த 282இல் 186 சிமென்ட் ஆலைகள். ஆகவே அரியலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது எங்கோ டெல்லியில் நடக்கும் சமாசாரம் இல்லை.

2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பலத்தில் 2023 ஜூனில் திட்டம் அறிவிக்கப்பட்டது. நடத்துவது எரிசக்தித் திறன் பணியகம். ஃபிரிட்ஜ், ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திரக் குறி இவர்களுடையதுதான். சான்றிதழ் கணக்கைப் பராமரிப்பது, நாட்டின் மின் கட்டமைப்பை இயக்கும் கிரிட் கண்ட்ரோலர் ஆஃப் இந்தியா. வாங்கல் விற்றலைக் கண்காணிப்பது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஒரு சான்றிதழ் என்றால் ஒரு டன் கரியமில வாயு. 2023-24இல் ஓர் ஆலை எவ்வளவு வெளியிட்டது என்று பார்த்து, அதிலிருந்து 2025-26க்கும் 2026-27க்கும் இலக்கு வைத்திருக்கிறார்கள்; ஆலைக்கு ஆலை அது வேறு. இலக்கையும் எட்டாமல் சான்றிதழும் வாங்காமல் இருந்தால், குறையும் ஒவ்வொரு டன்னுக்கும் சராசரிச் சந்தை விலையைப் போல இரண்டு மடங்கை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இழப்பீடாக விதிக்கும்.

சரி, எல்லாரும் குறைத்தே ஆக வேண்டும் என்று நேரடியாக உத்தரவு போட்டால் என்ன? எதற்கு இந்தச் சந்தை? இதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. இரண்டு சிமென்ட் ஆலைகள், ஒவ்வொன்றும் 10,000 டன் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. முதல் ஆலை அனல் மின் நிலையச் சாம்பலைக் கூடுதலாகக் கலந்தும் உலைச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்தும் டன்னுக்கு 400 ரூபாயில் குறைத்துவிடும். இரண்டாவது ஆலைக்கு டன்னுக்கு 2,000 ரூபாய் ஆகும். தனித்தனியே குறைத்தால் மொத்தச் செலவு 2 கோடியே 40 லட்சம். சந்தை இருந்தால் முதல் ஆலையே 20,000 டன்னையும் குறைக்கும், செலவு 80 லட்சம். மிச்சமான 10,000 சான்றிதழை 1,000 ரூபாய் வீதம் இரண்டாவது ஆலைக்கு விற்கும். முதல் ஆலைக்கு 60 லட்சம் லாபம், இரண்டாவது ஆலைக்கு ஒரு கோடி மிச்சம். காற்றில் கலக்காமல் போன வாயு இரண்டு வழியிலும் அதே 20,000 டன்தான்.

இது நம் நாட்டில் ஓடுமா என்ற சந்தேகத்துக்கு சூரத் பதில் சொல்கிறது. குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019இல் அங்கே ஒரு சந்தை தொடங்கியது. அது கார்பனுக்கானது அல்ல. புகைபோக்கியிலிருந்து வரும் தூசுத்துகளுக்கானது. சுமார் 300 ஆலைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சந்தையிலும் மறு பாதியைப் பழைய விதிகளிலும் விட்டு ஒப்பிட்டார்கள். சந்தையில் இருந்த ஆலைகளின் தூசு 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது. மக்களின் ஆயுளுக்கும் உடல்நலத்துக்கும் கிடைத்த நன்மையைப் பணமாக மதிப்பிட்டால், ஆலைகள் செய்த செலவைப் போல் குறைந்தது 25 மடங்கு வருகிறது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இந்த 25 மடங்கை அப்படியே கார்பனுக்குப் பொருத்தக் கூடாது. தூசு குறைந்தால் பக்கத்துத் தெருக்காரர் உடனே நல்ல காற்றைச் சுவாசிப்பார். கரியமில வாயு குறைவதன் பலன் உலகம் முழுவதும் பரவி, மெதுவாகத்தான் வரும். சான்றிதழ் வாங்கிச் சமாளிக்கும் ஆலையைச் சுற்றியுள்ள ஊருக்கு இதனால் தனியாக எந்த நன்மையும் இல்லை. அங்கே தூசுக்கு இருக்கும் விதிகளை மாநில வாரியம் கண்டிப்பாக அமல்படுத்தியே ஆக வேண்டும்.

இனி செலவு. அளப்பது, பதிவு செய்வது, அங்கீகாரம் பெற்ற அமைப்பை வைத்துச் சரிபார்ப்பது எல்லாம் ஆலையின் தலையில். வீடு கட்டுபவருக்கு? ஓர் ஆலை ஒரு டன் சிமென்ட்டுக்கு 0.03 டன் வாயு வீதம் இலக்கைத் தாண்டுகிறது, சான்றிதழ் விலை 1,000 ரூபாய் என்று கொண்டால், ஒரு டன் சிமென்ட்டுக்கு 30 ரூபாய். மூட்டைக்கு ஒன்றரை ரூபாய். 2025 செப்டம்பரில் சிமென்ட்டின் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. கார்பன் கிரெடிட்டைக் காரணம் காட்டி யாராவது மூட்டைக்கு இருபது ரூபாய் ஏற்றினால் நம்பாதீர்கள். மின் கட்டணமும் இதனால் ஏறாது. முதலில் சொன்ன நான்கையும் சேர்த்து, இலக்கு விதிப்பதற்கான ஒன்பது துறைகளின் பட்டியலில் அனல் மின் நிலையங்களே இல்லை. நாட்டிலேயே அதிகம் வெளியிடுபவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் சந்தை இது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை, இலக்கு தளர்வாகப் போய்விடக் கூடாதே என்பதுதான். நமக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 2012இல் தொடங்கிய பாட் என்ற எரிசக்திச் சேமிப்புத் திட்டத்திலும் சான்றிதழ் வர்த்தகம் இருந்தது. அதன் முதல் சுற்றில் 38 லட்சத்துக்கு மேல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. வாங்கியே தீர வேண்டிய ஆலைகளின் தேவை சுமார் 14 லட்சம்தான். விற்பவர் கூட்டம் அப்படி இருந்தால் விலை எங்கே நிற்கும்? ஐரோப்பிய ஒன்றியமும் இதே பள்ளத்தில் விழுந்தது. 2005இல் உமிழ்வு அனுமதிகளை அள்ளிக் கொடுத்துத் தொடங்கினார்கள். 2007இல் விலை கிட்டத்தட்ட பூஜ்யம். பிறகு அனுமதிகளைப் படிப்படியாகக் குறைத்து, பெரும்பகுதியை ஏலத்தில் விட்டார்கள். 2023 பிப்ரவரியில் டன் 100 யூரோவைத் தொட்டது. அந்த வருடம் அங்கே மின்சாரம், தொழில் துறைகளின் உமிழ்வு 2005ஐ விட சுமார் 47 சதவீதம் குறைவு. சூரிய ஒளி, காற்றாலை மானியங்களுக்கும் அதில் பங்குண்டு என்றாலும், விலை ஏறாமல் இது நடந்திருக்காது.

ஐரோப்பாவுக்கும் நமக்கும் இன்னும் இரண்டு வித்தியாசங்கள். அங்கே மொத்த உமிழ்வுக்கே உச்சவரம்பு. இங்கே டன்னுக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு, ஆகையால் உற்பத்தி இரட்டிப்பானால் மொத்த உமிழ்வும் கூடலாம். வீடும் பாலமும் இன்னும் கட்ட வேண்டிய நாட்டில் இது நியாயமான தொடக்கம் என்றே நினைக்கிறேன், தொடக்கமாக மட்டும். அடுத்தது, ஏலப் பணம். ஐரோப்பாவில் 2023இல் மட்டும் ஏலத்தில் 40 பில்லியன் யூரோவுக்கு மேல் வந்தது, அதில் பெரும்பகுதி அரசுகளுக்கு. நம் திட்டத்தில் ஏலம் இல்லை; பணம் ஆலையிலிருந்து ஆலைக்குப் போகிறது. ஏழைக் குடும்பத்துக்கு உதவவோ, வேலை இழப்பவருக்கு ஈடு கொடுக்கவோ அரசின் கையில் இதிலிருந்து எதுவும் சேராது.

ஏற்றுமதியாளருக்கு ஒரு நேரடி ஆதாயம் இருக்கிறது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பினால், 2026 ஜனவரியிலிருந்து அங்கே எல்லையில் கார்பன் கட்டணம் உண்டு. உற்பத்தி நாட்டில் ஏற்கனவே கட்டிய கார்பன் விலையை அதில் கழித்துக்கொள்ளலாம். அந்த அளவுக்குப் பணம் நம் நாட்டிலேயே தங்கும். ஆனால் இங்கே சில நூறு ரூபாய், அங்கே சில ஆயிரம் என்று விலை இருந்தால் கழிவு பெயரளவுக்குத்தான்.

கடைசியாக, நிலம் வைத்திருப்பவர்களுக்கு. இலக்கு விதிக்கப்படாதவர்களும் தாமாக முன்வந்து திட்டம் பதிவு செய்து சான்றிதழ் பெற 2023 டிசம்பர் திருத்தம் வழி செய்தது. குப்பைக் கிடங்கு மீத்தேன், அலையாத்திக் காடு வளர்ப்பு போன்றவற்றுக்கான கணக்கு முறைகள் 2025இல் வெளியாயின. அதற்காக, தோப்பில் நிற்கும் மரத்துக்கு மாதாமாதம் பணம் வரும் என்று யாராவது சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு, சரிபார்ப்பு, சான்றிதழ் என்று மூன்று படி தாண்டிய பிறகுதான் காசு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், எந்தக் கணக்கு முறையின் கீழ் பதிவு செய்கிறார்கள், சான்றிதழ் யார் பெயரில் வரும், எத்தனை வருடத்துக்கு நிலம் கட்டுப்பட்டிருக்கும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.