யாம் கிழங்குக்குக் குளிர் ஆகாது

மறுபடியும் ஒரு குளிரூட்டிய கண்டெய்னர். கானாவின் தேமா துறைமுகத்தில் ஏறி, தேம்ஸ் கரையில் வந்து இறங்கிய யாம். அட்டைப் பெட்டிகள் நனையவில்லை, நசுங்கவில்லை. கிழங்கைக் கையில் எடுத்தால் கனமாக, கெட்டியாக இருக்கிறது. கத்தியை வைத்து நீளவாக்கில் பிளந்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய சதை நடுவரை பழுப்பும் சாம்பலுமாகக் கிடக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் கசிகிறது. கண்டெய்னரின் வெப்பப் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஏற்றிய நாளிலிருந்து இறக்கிய நாள்வரை 5 டிகிரி, ஒரு நாள்கூடப் பிசகவில்லை. புக்கிங் போட்டவர் 5 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்; கப்பல் கம்பெனி சொன்னபடியே 5-இல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

சரக்கு எடுத்தவர் லண்டனில் பல வருடமாகக் கடை நடத்துபவர், விவரமானவர். "குளிருக்குள்ளைதானே தம்பி வந்தது, பிறகு எப்பிடிப் பழுதாகும்?" என்று கேட்டார். இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் துறைமுகத்தில் காய்கறி, பழச் சரக்குகளைப் பார்க்கும் சர்வேயர்; சரக்கு கெட்டிருந்தால் ஏன் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. லண்டனில் ஆப்பிரிக்கர்களும் கரீபியர்களும் இருக்கிற இடங்களில் நம் ஈழத் தமிழர் கடைகள் நிறைய உண்டு. மரவள்ளிக்கும் வாழைக்காய்க்கும் பக்கத்தில் யாம் இல்லாத கடையைப் பார்ப்பது அரிது. கேஷ் அண்ட் கேரி என்கிற மொத்தக் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கி விற்றுக்கொண்டிருந்த சிலர் இப்போது நாலு பேர் சேர்ந்து நேரடியாகக் கண்டெய்னரே எடுக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் சரக்கைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

தெரியாதவர்களுக்கு: இது சேனையும் இல்லை, சர்க்கரைவள்ளியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் கூழ் காய்ச்சும் இராசவள்ளிக்கு நெருங்கிய சொந்தம். மேற்கு ஆப்பிரிக்காவில் வெள்ளைச் சதை கொண்ட இனம்தான் பிரதானம்; அதிலும் கானாவின் 'போனா' ரகத்துக்கு இங்கே எப்போதும் விலை அதிகம்.

இப்போது அந்தக் குளிர் விஷயத்துக்கு வருகிறேன். "குளிர் கூடக்கூட நல்லது, 5 நல்லதென்றால் 3 இன்னும் நல்லது" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கேரட், லீக்ஸ், ஆப்பிள், கோஸ் எல்லாவற்றையும் 0-க்கும் 4-க்கும் நடுவில் வைத்துப் பழகியவர்கள் நாம். அவை குளிர்நாட்டுப் பயிர்கள், தாங்கும். யாம் வெப்பநாட்டுக் கிழங்கு. 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் அது உள்ளுக்குள் அடிபட ஆரம்பிக்கிறது. எவ்வளவு கீழே போகிறது, எத்தனை நாள் அங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்து அடி கூடும். "சரி, 5 வேண்டாம், 8 வைக்கவா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். "10?" வேண்டாம். வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துப் போவதை எல்லோரும் வீட்டில் பார்த்திருக்கிறோம். அதே கதைதான் இங்கேயும். ஒரே வித்தியாசம், வாழைப்பழம் வெளியே காட்டிவிடும், யாம் காட்டாது.

இந்தக் கடைசி வரிதான் எல்லாச் சண்டைக்கும் மூலம். குளிரில் இருக்கும்வரை கிழங்கு வெளியே பார்க்க நன்றாகத்தான் தெரியும். கண்டெய்னரைத் திறக்கும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. வெளியே எடுத்து, கடைச் சூட்டுக்கு வந்த சில நாளில் மளமளவென்று உள்ளே நிறம் மாறி, இளகி, பூஞ்சை பிடித்து அழுகிவிடும். உடனே இறக்குமதி செய்தவர் "நான் நல்லதாகத்தான் கொடுத்தேன், கடையில் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டதாக நினைக்கிறார். அடி விழுந்தது நடுக்கடலில், வாரக்கணக்காக. அது வெளியே தெரிவதுதான் கடையில். குளிரில் வைத்த யாம் வெளியே வந்ததும் கெடுகிறது என்பது 1960-களிலேயே ஆய்வில் நிரூபணமான சங்கதி. புக்கிங் எழுதுகிறவர்கள் இன்னும் 5 என்றே எழுதுகிறார்கள்!

யாமுக்கு வேண்டியது 13 முதல் 16 டிகிரி. 16-க்கு மேலே போகப்போக முளைவிட அவசரப்படும், அதுவும் நஷ்டம்தான். ஆனால் சூட்டுப் பக்கம் கொஞ்சம் தவறினால் பிழைத்துக்கொள்ளலாம். குளிர்ப் பக்கம் தவறினால் பிழைக்க வழியில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகத்து யாம் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைகிறது. நைஜீரியா மட்டும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் கப்பலேறி வெளிநாடு போவது அதில் மிகச் சிறிய துளி, அந்தத் துளியில் முன்னால் நிற்பது கானா. நைஜீரியாவில் 1989-லிருந்து யாம் ஏற்றுமதிக்குச் சட்டத்தில் தடையே இருந்தது. 2017 ஜூன் கடைசியில் அரசே முன்னின்று விழா எடுத்து, 72 டன் யாமை பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியது. அமெரிக்கா போன சரக்கு கெட்டுப்போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்து, நைஜீரியாவில் பெரிய சர்ச்சையாகிவிட்டது. அத்தனை விளைச்சல் உள்ள நாட்டுக்கே முதல் அடியில் இந்தக் கதி. நாலு பேர் சேர்ந்து கடன் வாங்கி எடுக்கிற ஒரு கண்டெய்னர் என்ன பாடுபடும், யோசியுங்கள்.

அப்புறம், பருவம். இதை யாருமே கேட்பதில்லை. கானாவில் சில ரகங்களுக்கு இரண்டு அறுவடை. ஜூலை, ஆகஸ்டில் கொடியை அறுக்காமல், மண்மேட்டைப் பக்கவாட்டில் மெல்லத் தோண்டி முதல் கிழங்கை எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிடுவார்கள்; கொடி மறுபடி சின்னக் கிழங்கு வைக்கும், அது அடுத்த வருடத்துக்கு விதை. அந்த முதல் கிழங்குதான் 'புது யாம்' என்று நல்ல விலைக்குப் போவது. சந்தைக்கு முதலில் கொண்டுவருகிறவருக்கு லாபம் என்பதால் எல்லோரும் அதற்கே ஓடுகிறார்கள். அதில் ஈரம் அதிகம், தோல் மெல்லிசு, நகம் பட்டாலே உரியும். வருடக் கடைசியில் முற்றி வருகிற கிழங்கு தாங்குகிற பயணத்தை இது தாங்காது. முதல் தடவை கண்டெய்னர் எடுக்கிறவர்கள் தயவுசெய்து புது யாமில் ஆரம்பிக்காதீர்கள்.

தோண்டும்போது காயம் படாமல் இருக்காது. அந்தக் காயம் ஆறாமல் பெட்டியில் போடக்கூடாது. 30 டிகிரிக்கு மேற்பட்ட சூடு, 90 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம், காற்றோட்டம், 4 முதல் 7 நாள். இவ்வளவு கொடுத்தால் வெட்டுப்பட்ட இடத்தில் தக்கை மாதிரி புதுத்தோல் கட்டிவிடும். இதற்கு மிஷின் எதுவும் தேவையில்லை. நிழலில் அடுக்கி, புல்லும் சாக்கும் போட்டு மூடினாலே அந்த ஊர்ச் சூட்டில் நடந்துவிடும். ஆனால் யாம் விளைகிற கின்டாம்போவிலிருந்தோ சலாகாவிலிருந்தோ லாரியில் அள்ளிப்போட்டு, தலைநகர் அக்ராவின் சந்தையில் இறக்கி, அங்கேயே பொறுக்கிப் பெட்டியில் அடைத்து மறுநாள் துறைமுகத்துக்கு அனுப்புகிற அவசரத்தில் முதலில் அடிபடுவது இந்த நாலு நாள்தான். அங்கே நூறு கிழங்கு கணக்கில் வாங்கி, இங்கே கிலோ கணக்கில் விற்கிறார்கள். வழியில் காய்கிற எடை யார் தலையில் விழும் என்பதையும் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

வாங்கும் முன் "காயம் ஆற வைத்தீர்களா, எத்தனை நாள், எங்கே?" என்று கேளுங்கள். படம் கேளுங்கள். கழுவிய கிழங்கென்றால் காயவிட்டார்களா என்று கேளுங்கள். மண் ஒட்டியிருந்தால் தாவரச் சுகாதாரச் சோதனையில் மாட்டும், ஈரமாக அடைத்தால் வழியிலேயே அழுகும். உலர்ந்தபின் பிரஷ் போட்டுத் துடைப்பதுதான் சரி.

கண்டெய்னர் ஏற்றுவது பற்றிச் சுருக்கமாக. புக்கிங்கில் '14 டிகிரி' என்று எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். காற்றுத் துவாரம் திறந்திருக்க வேண்டும். உறைந்த சரக்குக்கு மூடுவது போல் இதற்கு மூடினால் கிழங்கு விடுகிற மூச்சும் ஈரமும் உள்ளேயே சுற்றும். கண்டெய்னரின் உள்சுவரில் உச்சியில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் பெட்டியை அடுக்காதீர்கள். உள்ளே ஒரு டேட்டா லாகர் (வெப்பநிலையைப் பதிவு செய்யும் சின்னக் கருவி) வையுங்கள், கண்டெய்னர் வாடகைக்கு முன்னால் அந்த விலை ஒன்றுமே இல்லை. செலவு மிச்சமென்று குளிரூட்டி இல்லாத சாதாரண கண்டெய்னரில் அனுப்புகிறவர்களுக்குச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. கூரையில் முத்து முத்தாக நீர் கோத்து மேல் வரிசைப் பெட்டிகளில் சொட்டியிருப்பதை வந்து பார்த்தால் நீங்களே விட்டுவிடுவீர்கள்.

கடைக்காரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 14 டிகிரியில் ஒழுங்காக வந்த கிழங்கைக் கீரையோடும் பாலோடும் கூல் ரூமில் தள்ளி நீங்கள் கெடுக்கிறீர்கள். ராத்திரி மட்டும்தானே என்கிறீர்கள். ராத்திரி ராத்திரியாகச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிவிடுகிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாத பின்கட்டும் அதே கூல் ரூம்தான். அரிசி மூட்டை வைக்கிற உலர்ந்த, நிழலான, காற்று வருகிற இடம் போதும். தரையில் கொட்டாதீர்கள், பெட்டியோடு பலகைமேல் வையுங்கள்.

கெட்டதைப் பார்த்தவுடன் யாரைக் குறை சொல்வது என்று தெரிய வேண்டுமானால், வெட்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் மட்டும் மெல்லிய மஞ்சள், பழுப்புப் பட்டை ஓடினால் அது மண்ணில் இருக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. வயலிலிருந்தே வந்தது, விற்றவரிடம் பேசுங்கள். ஒரு காயத்திலிருந்து தொடங்கி உள்ளே பரவினால் கையாண்டதில் கோளாறு, காயம் ஆறவில்லை. காயமே இல்லாமல் உள்சதை முழுக்கப் பழுப்பாகி, நீர் கோத்திருந்தால் குளிர். வெட்டின கையோடு பாருங்கள். வெட்டி வைத்த துண்டு காற்றுப் பட்டு நிறம் மாறுவது வேறு, அதைக் கொண்டுவந்து காட்டி வாதாடாதீர்கள்.

ஒரு மண்மேட்டுக்கு ஒரு செடி, ஏழெட்டு மாதம் கொடிக்குக் கொம்பு நட்டுக் காவல், எடுத்ததில் சுமார் கால் பங்கு மறுபடி விதைக்கே போய்விடும். இப்படி விளைந்து வந்ததை ஒரு படிவத்தில் எழுதின தப்பான எண் குப்பையில் சேர்க்கிறது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

கடைசியாக, நஷ்டஈடு. 5 டிகிரி என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால் கப்பல் கம்பெனியிடம் ஒரு பைசா வராது. 14 என்று எழுதியும் அவர்கள் தவறியிருந்தால் வழி உண்டு. கடல்வழிச் சரக்குக்காக பிரிட்டனில் நடைமுறையில் இருக்கும் ஹேக்-விஸ்பி விதிகளின்படி, வெளியே தெரியாத சேதத்துக்குச் சரக்கை எடுத்த 3 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வழக்குக்கு ஒரு வருடம் கெடு. யாமில் சேதம் எப்போதுமே வெளியே தெரியாததுதான் என்பதால், வந்த அன்றே ஒவ்வொரு வரிசையிலிருந்தும் சில கிழங்கை எடுத்து வெட்டுங்கள். முன்னால், நடுவில், கதவோரம், மூன்று இடத்திலும். சந்தேகம் வந்தால் அதே நாளில் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், டேட்டா லாகரைப் பத்திரப்படுத்துங்கள், சர்வேயரைக் கூப்பிடுங்கள். பெட்டிகளைக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டுக் கூப்பிட்டால் யார் வந்தாலும் ஒரு வரிகூட எழுத முடியாது.