நடுவானில் மறைந்த வெளிச்சம்

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தோட்டத்துக் கோயில் திருவிழா அன்று ராத்திரி எட்டேகால் இருக்கும். தென்மேற்கிலிருந்து பளிச்சென்று ஒரு வெளிச்சம் கிளம்பி, செம்பனை மரங்களுக்கு மேலே சத்தமில்லாமல் வந்தது. மினுக்கவும் இல்லை. தலைக்கு மேலே தாண்டியதும் மங்கி மறைந்துவிட்டது. மேகமே இல்லை. அது எங்கே போச்சு?" கூட இருந்த ஒருவர் அந்த நேரத்தையே நாலு நம்பராக எழுதி மறுநாள் லாட்டரிக் கடையில் எடுத்தாராம். விழவில்லையாம்.

அடையாளங்களைப் பார்த்தால் அது அனைத்துலக விண்வெளி நிலையம்தான். அது எங்கேயும் போகவில்லை. நீங்கள் பார்த்தது, உள்ளே இருந்தவர்களுடைய சூரியன் மறைந்த நேரத்தை.

நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அந்த உயரத்திலும் ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் 89 விழுக்காடு இருக்கிறது. நிலையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றியே விழுகிறது. உள்ளே இருப்பவர்களும் கூடவே விழுவதால் மிதக்கிறார்கள். நான்காம் படிவ இயற்பியலில் ஈர்ப்பியல் பாடத்தில் இதெல்லாம் வருவதுதான். சரி, வெளிச்சத்துக்கு வருவோம்.

நிலையத்தின் வெளியே நமக்குத் தெரிகிற மாதிரி விளக்கு எதுவும் கிடையாது. அதன் பெரிய சூரியத் தகடுகளும் உடம்பும் வெயிலில் மின்னுவதைத்தான் பார்க்கிறோம். ராத்திரி எட்டேகாலுக்கு ஏது வெயில்? சாயங்காலம் தோட்டத்தில் நின்று பாருங்கள். தரையில் நிழல் விழுந்த பிறகும் கிழக்கே தித்திவங்சா மலை உச்சியில் கொஞ்ச நேரம் மஞ்சள் வெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். உயரம் ஏற ஏற சூரியன் தாமதமாக மறையும். 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு அடிவானமே தாழ்ந்துவிடுகிறது. கிடைமட்டத்துக்கு 20 பாகை கீழே இருக்கிற சூரியன்கூட அவருக்குத் தெரியும். பூமி மணிக்கு 15 பாகை திரும்புகிறது. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறங்குவதால், நமக்குப் பொழுது சாய்ந்து சுமார் 80 நிமிடம் வரை நம் தலைக்கு மேலே அங்கே வெயில் இருக்கும்.

நிலையமோ கிழக்கு நோக்கி, அதாவது இருட்டை நோக்கி, ஓடுகிறது. அதனால் 80 நிமிடம் ஆகும் முன்னரே, தலையைத் தாண்டிய சற்று நேரத்தில் பூமியின் நிழல் அதைப் பிடித்துவிடும். உங்கள் எட்டேகால் கணக்கு இதில் கச்சிதமாக உட்காருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நம் ஊரில் சூரியன் அடிவானத்தைத் தொட்டதிலிருந்து முழுக்க மறைய 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 பாகை சுற்றுகிற நிலையத்தில் அதே மறைவு வெறும் 8 வினாடி வேலை! கடைசி வெளிச்சம் பூமியின் காற்றுப் போர்வையைக் குறுக்கே துளைத்து வருவதால் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. வீரர்கள் ஜன்னலில் பார்ப்பது மெல்லிய ஆரஞ்சுப் பட்டை, அதன் மேலே வெளிர் நீலம், அதற்கும் மேலே கரும் இருட்டு. நீங்கள் பைனாகுலரில் பார்த்திருந்தால், மறைவதற்கு முன் நிலையமே ஆரஞ்சாக மாறியதைக் கண்டிருப்பீர்கள். அது அந்தப் பட்டையின் நிறம்தான்.

அப்புறம் அவர்களுக்குச் சுமார் 36 நிமிட இரவு. தென்மேற்கிலிருந்து வந்த நிலையம் ஓரிரு நிமிடத்தில் தாய்லாந்து வளைகுடாப் பக்கம் போயிருக்கும். அங்கே கணவாய் பிடிக்கிற படகுகளின் பச்சை விளக்குகள் விண்வெளியிலிருந்தே தெரியும். பிறகு மறுபடி விடியல். நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 16 தடவை.

இதில் மலேசியாவுக்கே ஒரு சிக்கல் வந்தது. 2007 அக்டோபர் 10-ஆம் தேதி கஸகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் சுக்கோர் நிலையத்துக்குக் கிளம்பியபோது நோன்பு மாதத்தின் கடைசி நாட்கள். 16 சூரிய மறைவில் எதற்கு நோன்பு திறப்பது? சமய அறிஞர்கள் வழிகாட்டி நூலே எழுதினார்கள்: ஏவப்பட்ட ஊரின் நேரத்தை வைத்து 24 மணி நேரக் கணக்கில் நோன்பு திறக்கலாம், தொழலாம் என்று. ரஷ்யாவிடம் மலேசியா 18 சுகோய் போர் விமானங்களை வாங்கியதோடு ஒட்டி வந்த பயணம் அது. அதற்குப் பிறகு அரசு யாரையும் அனுப்பவில்லை என்று பலருக்குக் குறை. என்னைக் கேட்டால், இன்னொரு டிக்கெட் எடுக்கிற காசில் தோட்டப்புறப் பள்ளிகளுக்கு நல்ல தொலைநோக்கியும் அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியரும் கிடைத்தால் போதும். நிலையம் வரும் நேரத்தை முன்கூட்டியே சொல்கிற இலவசச் செயலிகள் இருக்கின்றன. பிள்ளைகள் வினாடி பிசகாமல் சொல்லிக் காட்டட்டும், நம்பர் எடுப்பவர்களும் வந்து பார்க்கட்டும்.

நிலையத்தின் சுற்றுப்பாதை சூரியனை ஒப்பிட்டால் நாளுக்கு ஏறக்குறைய 24 நிமிடம் முன்னே நகர்வதால், சில வாரங்கள் மாலையில் தெரியும், சில வாரங்கள் விடியற்காலையில் மட்டும் தெரியும். காலையில் கதை தலைகீழ். மேற்கில் இருட்டாக இருக்கும்போதே நிலையம் கண்ணுக்குத் தெரியாமல் வந்து, ஆறு மணி வாக்கில் நடுவானில் திடீரென்று முளைக்கும். பால்மரம் வெட்டக் கிளம்புகிறவர்கள் வீட்டில் இருந்தால் விசாரித்துப் பாருங்கள், நிச்சயம் யாராவது பார்த்திருப்பார்கள்.