இரட்டிப்பான் எதை இரட்டிக்கிறது?

ரிப்பீட்டர் (வரும் ரேடியோ சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) கையேடு ஒன்றின் தமிழாக்கத்தில் டூப்ளெக்சரை, அதாவது ஒரே ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் வழிசெய்யும் உறுப்பை, மறுபடியும் ‘இரட்டிப்பான்’ ஆக்கியிருக்கிறார்கள். அதைப் படித்த ஒரு தம்பி கேட்டார்: “அண்ணா, 50 வாட் கொடுத்தா 100 வாட் வருமா?” வராது. உள்ளே ஒன்றரை டெசிபெல் இழப்பு இருந்தால், ஆன்டெனாவுக்குப் போவது 35 வாட்தான்.

மூலம் லத்தீன். ‘டுவோ’ இரண்டு, ‘ப்ளெக்ஸ்’ மடிப்பு. நம் ‘இருமடி’யும் இதே தடத்தில் வந்ததுதான், மடிப்பிலிருந்து மடங்கு. மொழிபெயர்த்தவர் அகராதியில் அந்த மடங்கோடு நின்றுவிட்டார். ரேடியோவில் டூப்ளெக்ஸ் என்பது அளவு அல்ல, திசை: ஒரே நேரத்தில் அனுப்புவதும் பெறுவதும். போதாக்குறைக்கு, 220 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 440 ஆக்கும் சுற்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதைத்தானே இரட்டிப்பான் என்று சொல்ல வேண்டும்? அதற்கு வேறு பெயர் தேடி அலைவதா?

‘இருவழி மாற்றி’ என்பது இன்னொரு கட்சி. மாற்றி என்றால் இங்கும் அங்கும் தாவும் சுவிட்ச் என்றுதான் தோன்றும். டூப்ளெக்சரில் தாவுவது எதுவுமில்லை, மின்சாரமும் தேவையில்லை. சுருதி சேர்த்த சில உலோகக் குழல்கள், மூன்று இணைப்புகள், அவ்வளவுதான்.

என் ஓட்டு ‘இருவழிப் பிரிப்பான்’ என்பதற்கு. வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண்ணே, அனுப்பும் பக்கத்தைப் பெறும் பக்கத்திலிருந்து எவ்வளவு ஒதுக்குகிறது என்ற அந்தப் பிரிப்புதான். யூஎச்எஃப் என்ற உயர் அலைவரிசைப் பட்டையில் அனுப்பும் அலைவரிசைக்கும் பெறும் அலைவரிசைக்கும் இடைவெளி பல இடங்களில் வெறும் 5 மெகாஹெர்ட்ஸ். 80 டெசிபெல் பிரிப்பு இருந்தால் 50 வாட் அரை மைக்ரோவாட்டாகச் சுருங்கித்தான் ரிசீவரை எட்டும். டிரான்ஸ்மிட்டர் கிளப்பும் இரைச்சல் வேறு, சரியாகப் பெறும் அலைவரிசையிலேயே வந்து உட்காரும். அதை ரிசீவர் பக்கம் என்ன ஃபில்டர் போட்டாலும் தடுக்க முடியாது. கிளம்பும் இடத்திலேயே வெட்ட வேண்டும். அதே கோபுரத்தில் வேறு டிரான்ஸ்மிட்டர்களும் இருந்தால் குறிப்பிட்ட ஓர் அலைவரிசையை மட்டும் வெட்டும் சிறிய நாட்ச் வகை போதாது, வேண்டியதை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் பேண்ட்பாஸ் வகைதான் சரி. இத்தனையும் பிரிக்கிற வேலை. இதில் இரட்டிப்பு எங்கே வந்தது?

அப்புறம் டிப்ளெக்சர். ஒரே எழுத்து வித்தியாசம் என்பதால் இதையும் அதே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். இது விஎச்எஃப், யூஎச்எஃப் என்ற இரண்டு அலைவரிசைப் பட்டைகளை ஒரே ஆன்டெனாவில் சேர்க்கும் கையடக்கப் பெட்டி. ‘இருபட்டைப் பிரிப்பான்’ என்றால் குழப்பமில்லை. பெயரை நம்பி இதை ரிப்பீட்டரில் மாட்டினால், 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி அதன் கண்ணுக்கே தெரியாது. டிரான்ஸ்மிட்டர் கிளம்பியதும் ரிசீவர் செவிடாகிவிடும்.